பிள்ளையின் மதிப்பெண் பெற்றவர் கைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுக் காலம் வரும்போதெல்லாம் தேர்ச்சி விகிதம், மாவட்டங்களின் வரிசை, வினாத்தாளின் கடினம் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுதி வருகிறது. அந்தத் தேர்வின் முடிவு பிள்ளையைப் பெற்றவருக்கு எப்போது, எந்த வடிவில், யார் வாயிலாகப் போய்ச் சேருகிறது என்பது மட்டும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நான் இராமேசுவரம் தீவில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் பிள்ளைகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். எங்கள் கடற்கரையில் இந்த ஒரு விஷயத்தில் நடந்துவரும் குறை பல பிள்ளைகளின் படிப்பைச் சத்தமில்லாமல் முடித்துவைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து வருவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தாலும் வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் ஊர்களில் தேர்வு முடிவு வீட்டுக்கு வரும் விதம் இதுதான். பிள்ளை ஒரு நாள் மாலையில் மதிப்பெண் அட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, நாளைக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லும். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனோ, வாடியிலிருந்து (மீன் காயவைக்கும், பிரிக்கும் இடத்திலிருந்து) அப்போதுதான் வந்து அடுப்பைப் பற்றவைத்த தாயோ, பிள்ளை விரலை வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலையில் அட்டை பள்ளிக்குத் திரும்பிவிடும். ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கும். பெற்றோருக்குத் தெரிவித்தாயிற்று என்று பள்ளியின் பதிவேடு சொல்லும். தன் பிள்ளை எதில் தேறியிருக்கிறது, எதில் தடுமாறுகிறது, அடுத்த பருவத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாயைக் கேட்டால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு நிறையவே உண்டு என்பதற்கு நானே சாட்சி. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்காக, "மதினி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு பருவத்திலும் பெண்கள் என்னிடம் அட்டையைக் கொண்டுவருகிறார்கள். நான் வாசிக்கிறேன். அட்டையில் இருப்பவை தர எழுத்துகள்: தமிழ் பி1, ஆங்கிலம் சி2, கணக்கு சி1. வாசித்து முடித்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அப்படின்னா நல்லாப் படிக்கிறானா, இல்லையா?" அந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு உண்மையான பதில் சொல்ல என்னால் முடிவதில்லை.

ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். கணக்கில் குறைவான தரம் வந்திருந்தது. அந்த முறை ஆசிரியரிடம் கேட்டு விடைத்தாளையே வாங்கி வரச் சொன்னேன். ஆசிரியர் நல்லவர், மறுக்காமல் கொடுத்தார். தாளைப் பிரித்துப் பார்த்தால் கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது, கழித்தலில் பெரும்பாலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதியிருந்தான். அடுத்த கணக்கில் 81-இலிருந்து 46-ஐக் கழித்து 45 என்று எழுதியிருந்தான். நான் இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாய் இடைமறித்தார். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் தினமும் காசு எண்ணுகிறவர். "இவன் மேல இருக்கிறது சின்னதா இருந்தா கடன் வாங்காம, கீழ இருக்கிறதுல இருந்து மேல இருக்கிறதக் கழிச்சுடுறான்" என்றார். உண்மை அதுதான். 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3, ஆகவே 35. அந்தப் பிள்ளை எல்லாக் கணக்கிலும் செய்திருந்தது ஒரே தவறு. ஒரு வார காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன், அந்தத் தாயே பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் தரையில் வைத்துச் சில்லறை மாற்றிக் காட்டிச் சொல்லிக்கொடுத்து அதைச் சரிசெய்துவிட்டார். மதிப்பெண் அட்டை அவரிடம் சொன்னது "சி" என்ற ஓர் எழுத்தை. விடைத்தாள் அவருக்குச் சொன்னது தன் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறான் என்பதை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தக் கடிதத்தின் பொருள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்லும்போது, பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்தி, பிள்ளையின் வருகை ஒழுங்கையும், கற்கும் திறனையும், கற்றலில் அடைந்த முன்னேற்றத்தையும், பிள்ளையைப் பற்றிய மற்ற விவரங்களையும் அவர்களுக்குத் தெரிவிப்பதை அக்கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையே பெற்றோரிடம் ஒப்படைத்த சட்டம், அவர்களுடைய சொந்தப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்க்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று ஒருபோதும் நினைத்திருக்க முடியாது.

எஸ்.பி.பட்டினம் முதல் ரோஸ்மாநகர் வரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளும் எங்கள் மாவட்டக் கடற்கரையில் பெற்றோர் வாழும் நேரமும் பள்ளி இயங்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் டோக்கன் (மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு) பெற்றுக் கடலுக்குப் போகின்றன. போனவர்கள் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருகிறார்கள். வந்த உடனே மீனைப் பிரித்து எடை போட்டு ஏற்ற வேண்டும். நாட்டுப்படகில் போகிறவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும்தான் கடிகாரம். பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்களில் பலர் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் விடியுமுன் வேலை தொடங்கிவிடுகிறது. சாயல்குடிப் பக்கம் பனைத் தொழில் செய்யும் குடும்பங்களுக்குப் பருவம் வந்துவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் காலை என்று ஒன்று கிடையாது. கீழக்கரையிலும் தொண்டியிலும் தகப்பனார் வளைகுடா நாட்டில் இருக்கிற வீடுகள் ஏராளம். இந்த நிலையில் பெற்றோர் கூட்டம் காலை பத்தரை மணிக்கு என்று முந்திய நாள் பிள்ளையிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டு, வராதவர்களைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய்க்கும் அங்கே கிடைப்பது பல சமயங்களில் பொதுவான அறிவுரை மட்டுமே. பிள்ளையின் தாளை எடுத்து அவர் கையில் வைத்து, இதோ இங்கே பாருங்கள் என்று சொல்ல அரை மணி நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இதில் இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. தகப்பனார் கையெழுத்துதான் வேண்டும் என்று சில பள்ளிகளில் இன்றைக்கும் கேட்கிறார்கள். கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் மனைவியிடம் இப்படிக் கேட்கப்பட்டதை நான் அறிவேன். அவர் அன்றைக்குப் பட்ட வேதனையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் தந்தையோ தாயோ, வளர்ப்புத் தந்தையோ தாயோ, தத்தெடுத்தவரோ எவராக இருந்தாலும் பெற்றோரே. தாய்க்கு இரண்டாம் இடம் என்ற பேச்சே அதில் இல்லை. கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் பிள்ளையின் இயற்கைக் காப்பாளராகச் செயல்பட முடியும் என்று இந்துக் காப்பாளர் சட்டத்துக்கு விளக்கம் தந்துவிட்டது. கடற்கரையில் பிள்ளையின் படிப்பை அன்றாடம் தூக்கிச் சுமப்பவர் தாய்தான். அவருடைய கையெழுத்தும், எழுதத் தெரியாதவராக இருந்தால் அவருடைய பெருவிரல் ரேகையும் செல்லும் என்று ஒவ்வொரு பள்ளியிலும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் கொள்கை. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றியபோதும், அதைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோல்வி என்ற முத்திரையைக் குத்தினால் எங்கள் பகுதியில் அது நேராகப் படகுக்கும் நண்டு கம்பெனிக்கும்தான் போகும். ஆனால் யாரும் நிறுத்திவைக்கப்படுவதில்லை என்பதால்தான் உண்மை நிலையைப் பெற்றோருக்குச் சொல்லும் கடமை பல மடங்கு கூடுகிறது. வகுப்பு ஏறிவிட்டான் என்றால் படிப்பு வருகிறது என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடையில்லாமல் வாசிக்க முடியாத பிள்ளை, ஏழு, எட்டு என்று ஏறி ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாகத் தோல்வி என்ற சொல்லைக் கேட்கிறது. அதுவரை எல்லாம் சரியாக இருப்பதாக நம்பியிருந்த குடும்பத்துக்கு அது இடி. பையனுக்குப் படிப்பு ஏறாது, தொழிலுக்கு வரட்டும் என்று அந்த வாரமே முடிவெடுத்த வீடுகளை நான் அறிவேன். மூன்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசிப்புப் பழகவாவது அனுப்பியிருப்பார்கள், ஆசிரியரைப் போய்ப் பார்த்திருப்பார்கள்.

சிறு வகுப்புகளில் 2022-23 முதல் நடந்துவரும் எண்ணும் எழுத்தும் திட்டம் நல்ல திட்டம் என்பதே என் அனுபவம். வகுப்பு எதுவாக இருந்தாலும் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்த நிலையிலிருந்தே கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறது என்றால் அது தொடக்க நிலையைக்கூட இன்னும் தாண்டவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும், வட்டார அலுவலகத்துக்குத் தெரியும். தாய்க்கும் அது சொல்லப்பட வேண்டும்.

மதிப்பெண்கள் எங்கும் போகாமல் கிடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அவை வேகமாகப் பயணம் செய்கின்றன, ஆனால் மேல்நோக்கியே பயணம் செய்கின்றன. எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மை இணையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. வருகை முதல் மதிப்பீடு வரை ஆசிரியர்கள் அதில் பதிந்துகொண்டே இருக்கிறார்கள். பாடம் நடத்தும் நேரமே அதில் கரைகிறது என்று அவர்கள் வருந்துவதும் உண்மை. இராமநாதபுரம் 2018 முதல், ஒன்றிய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அந்தத் திட்டத்தில் மாவட்டத்தின் இடத்தைக் கணக்கிடும்போது கல்விக்கு மட்டும் 30 விழுக்காடு எடை தரப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2021 நவம்பரில் நாடெங்கும் நடந்த தேசிய அடைவு ஆய்வின் முடிவுகள் மாவட்டத்துக்கு ஓர் அறிக்கை அட்டையாக இணையத்தில் வைக்கப்பட்டன. டெல்லியில் இருப்பவர் எங்கள் மாவட்டத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். தங்கச்சிமடத்தில் இருக்கும் தாய் தன் மூன்றாம் வகுப்பு மகள் கணக்கில் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வழியில்லை. மாவட்டத்துக்கு அறிக்கை அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பில் ஒரு சிறு பங்கு கீழ்நோக்கியும் திரும்பட்டும் என்று கேட்கிறேன்.

இதற்கு உடனே வரும் பதில், எல்லாவற்றையும் செயலியில் போட்டுவிடுகிறோம், குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுகிறோம் என்பது. அது வசதிதான், மறுக்கவில்லை. தகப்பனார் அபுதாபியிலோ துபாயிலோ இருக்கும் வீட்டுக்கு அது பெரிய உதவி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் பள்ளியில் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வருவதால் பல வீடுகளின் பதற்றம் குறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் கைப்பேசி பெரும்பாலும் ஒன்று, அது தொழிலுக்குப் போகிறவரோடு கடலுக்குப் போய்விடும். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எண்ணோ பிள்ளையை முதல் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்தது. அதற்குப் பிறகு பணம் போடாமல் அந்த எண் போய், வேறு சிம், வேறு ஆள் என்று மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் போகும் மதிப்பெண் எந்த ஊரில் யார் கையில் போய் விழுகிறதோ யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எண்ணைக் கேட்டுத் திருத்துவதும், தாயின் எண்ணைத் தனியாகப் பதிவதும் மிகச் சிறிய வேலை, மிகப் பெரிய பலன் தருவது. அதைச் செய்த பிறகும் தாளில் எழுதிய அறிக்கையும் நேரில் சொல்லும் பேச்சும் இருந்தே ஆக வேண்டும். திரையில் வரும் எழுத்தை வாசிக்க முடியாதவருக்குச் செயலி எதையும் தெரிவிக்கப்போவதில்லை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புக் குழுவில் முப்பது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலையும் ஒரே படமாக எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்திலும் எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி மதிப்பெண் வாசிப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நான் கேட்பது என் பிள்ளையின் மதிப்பெண் எனக்குத் தெரிய வேண்டும் என்பது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் எனக்குத் தேவையில்லை, என் பிள்ளையின் மதிப்பெண் அவர்களுக்கும் தேவையில்லை. சிற்றூரில் இதன் விளைவு கொடியது. குழாயடியில் ஒருவர் பேச, வீட்டுக்குத் திரும்பிய தாய் அவமானத்தில் பிள்ளையை அடிப்பார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையைப் போலவே மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பது அந்தத் துன்புறுத்தலில் சேராது என்று யார் சொல்ல முடியும்? மாநில அளவில் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாடு 2017-இல் கைவிட்டது. அந்த நல்லெண்ணம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்து சேர வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்வது பிள்ளையைத் தண்டிப்பதற்கான ஆயுதமாக மாறினால், பிள்ளை தாளை ஒளிக்கும், கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளும். வாரத் தேர்வு ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் அன்றன்றைக்கே கைப்பேசிக்கு வர வேண்டும் என்று நகரத்துப் பள்ளிகளில் கேட்கிறார்களாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பிள்ளைக்கு மூச்சுவிட இடம் வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை, நிதானமாக, பிள்ளையும் பக்கத்தில் இருக்க, ஆசிரியர் தாளைக் காட்டிப் பேசுவது போதுமானது. பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் மனம் உடைந்த பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல 104, 14417 ஆகிய எண்கள் இருக்கின்றன என்பதைப் பள்ளிகள் பெற்றோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

தனியார் பள்ளிகளில் வேறு வகைச் சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். முழு ஆண்டுத் தேர்வு முடிவும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்பது சரியாக அந்த நாட்களில்தான். எங்கள் உறவினர் ஒருவரின் மகளுக்கு, கட்டண பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒரு பள்ளியில் முழு ஆண்டு மதிப்பெண் அட்டையைத் தர மறுத்தார்கள். படகு கரையில் கட்டிக்கிடக்கும்போது பணத்துக்கு எங்கே போவது? பாக்கியைக் கேட்பதற்குப் பள்ளிக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சிறுமி எழுதிய தேர்வின் முடிவு அடகுப் பொருள் ஆகாது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகக் கூறியது. மாற்றுச் சான்றிதழுக்குப் பொருந்தும் நியாயம் மதிப்பெண் அட்டைக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். எங்கள் கடற்கரையில் கிறித்தவ, இசுலாமிய அமைப்புகள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகள் நிறைய உண்டு. தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு எழுத்தறிவித்த பள்ளிகள் அவை. பிரமதி வழக்கில் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும், அந்தப் பள்ளிகளின் தாளாளர்கள் பெற்றோருக்கு விடைத்தாளைக் காட்டும் வழக்கத்தைத் தாங்களே முன்னின்று தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.

உயர்வகுப்புப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உடையவர் என்று, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய என்ற மாணவருக்கும் நடந்த வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசுத் தேர்வுகள் இயக்ககமே விடைத்தாள் நகலை வழங்குகிறது. அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இதற்குத் தரப்படும் அவகாசம் சில நாட்களே. அந்தச் சில நாட்களும் தடைக்காலத்துக்குள் வருவதால் தகப்பனார் வீட்டில் இருப்பார், ஆனால் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டப் பணம் இருக்காது. தடைக்காலத்தில் தொழில் இல்லாத மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்ய வேண்டும். தேர்வு எழுதிய மாணவருக்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த இந்த உரிமை இருக்கும்போது, நான்காம் வகுப்புப் பிள்ளையின் கழித்தல் கணக்குத் தாளைத் தாயிடம் காட்டுவதற்குப் பள்ளிகள் தயங்க எந்தக் காரணமும் இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லும் கடிதமாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் எங்கள் பகுதியில் உள்ளன. மழைக்காலத்தில் தண்ணீருக்குள் நடந்து பள்ளிக்கு வரும் ஆசிரியைகளை நான் அறிவேன். அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டியது துறையின் பொறுப்பு. எமிஸ் பதிவுகளில் ஒரு பகுதியைக் குறைத்து, ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பின்னும் இரண்டு நாட்களைப் பெற்றோருக்கு விடைத்தாள் காட்டும் நாட்களாக அறிவித்தால், அதுவும் அவர்களுடைய பணி நேரமாகவே கணக்கிடப்பட்டால், மனமுவந்து செய்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் எங்கள் ஊர்ப் பெண்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தன்னார்வலர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். எழுத்தறியாத பெற்றோருக்கு அட்டையை வாசித்து விளக்க அவர்களை விடப் பொருத்தமானவர் யார்?

இராமநாதபுரம் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், இராமநாதபுரம், மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஆகிய கடலோர ஒன்றியங்களின் பள்ளிகளுக்கு வரும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பெற்றோர் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்யாமல், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்டு, படகு போகாத நாளாக, மாலை நேரமாக வைக்க வேண்டும். அதைத் துண்டுச்சீட்டில் மட்டும் அறிவிக்காமல் ஊர்த்தலைவரிடமும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்திடமும் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்ய வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்களில் டோக்கன் உண்டா இல்லையா என்பதைக்கூட நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். திருத்திய விடைத்தாள்கள் ஒரு வாரம் வீட்டில் இருந்து திரும்பட்டும். தாளோடு, பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எதில் பயிற்சி வேண்டும் என்று ஆசிரியர் தமிழில் இரண்டு வரி எழுதட்டும். தாயின் கையெழுத்தை ஏற்க மறுக்கும் பள்ளிக்கும், கட்டணத்துக்காக முடிவை நிறுத்திவைக்கும் பள்ளிக்கும் விளக்கம் கேட்கப்படும் என்ற ஒரு வரியும் அந்தச் சுற்றறிக்கையில் இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் விடைத்தாளை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியவிருக்கிறேன். மாவட்டத்தின் மற்றக் கடலோர ஊர்களில் குழு உறுப்பினர்களாக இருக்கும் தாய்மார்களும் தத்தம் பள்ளியில் இதையே முன்மொழிய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர் உறுப்பினர்,
இராமேசுவரம் தீவு,
இராமநாதபுரம் மாவட்டம்.